நல்லா இல்லைங்க ஐயா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

மருத்துவக் குழு போன வாரம் என்னைப் பார்த்தது. தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பது உண்மை, ஆனால் ஊனம் ஐந்து சதவீதம்தான், அதுவும் படைப் பணியில் வந்தது அல்ல என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இருபதுக்குக் கீழே போனால் ஊன ஓய்வூதியம் கிடையாது. பணியில் வந்தது அல்ல என்றால் படை மருத்துவமனையில் சிகிச்சையும் கிடையாது. இரண்டு கதவும் ஒரே நாளில் மூடிவிட்டன. நீ கேட்டுக்கொண்டே இருந்ததால் முதலில் இதைச் சொல்லிவிட்டேன்.

மற்றபடி நான் நலம். மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் எடைமேடையைப் பழுது பார்த்தாயிற்றா? இங்கே நம் பாப்பா பள்ளி ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவளுக்குக் கால் நீளம் என்று இரண்டு நாளாகப் புலம்புகிறாள்.

கையெழுத்தைப் பார்த்துக் குழம்பாதே. நான் சொல்லச் சொல்ல உன் தம்பி மனைவி எழுதுகிறாள். என் எழுத்தின் அழகுதான் உனக்குத் தெரியுமே.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு அக்கா எழுதுவது.

மாமாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. எடைமேடை சரியாகிவிட்டது. பழைய இரும்புக்கு விலை படுத்துக் கிடக்கிறது, செம்பு மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. பாப்பாவிடம் சொல், கால் நீளத்துக்குப் பரிசு கொடுப்பதில்லை என்று.

'மற்றபடி நான் நலம்' என்று எழுதியிருக்கிறாய். எந்த மற்றபடி? படுத்தால் நெஞ்சு லாரி இன்ஜின் மாதிரி ஓடுகிறது. இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் சட்டை கொடியில் தொங்குவது போல் தொங்குகிறது. கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலையையும் விட்டாயிற்று. சிகிச்சையைத் தள்ளிப்போடாதே, இதயத்தைப் பிடித்துவிடும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. இதற்குப் பெயர் ஐந்து சதவீதமா? நம் குடும்பத்தில் சுரப்பிகூட ஓவர்டைம் பார்க்கிறது, கூலி கொடுக்கத்தான் ஆள் இல்லை.

கழிவு இரும்பை வாங்கி விற்றே வீடு கட்டியவள் நான். ஒரு சரக்கு விலை போகவில்லை என்றால் காரணம் இரண்டுதான். வாங்குகிறவன் ஏமாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விற்கிறவன் சரக்கைச் சரியாகக் காட்டாமல் இருந்திருக்க வேண்டும். அவர்களோடு சண்டைக்குப் போகும் முன் உன் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வந்தது வரை ஒன்று விடாமல் எழுது. யார் எங்கே உட்கார்ந்திருந்தார், என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய், எல்லாம். போனில் கேட்டால் 'சரிக்கா, பார்த்துக்கலாம்க்கா' என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் அடுத்த வரி எழுதித்தான் ஆக வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நிஜமாகப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 20

அக்காவுக்கு வணக்கம்.

உன் கட்டளைப்படி எழுதுகிறேன். நீளமான கூடம். சுவரோரம் பெஞ்சில் என்னைப் போல நிறையப் பேர். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குக் காது, இன்னொருவர் ஒரு கால் இல்லாமல் வந்திருந்தார். அவரைப் பார்த்ததுமே எனக்கு வெட்கமாகிவிட்டது. கழுத்தில் ஒரு சுரப்பியை வைத்துக்கொண்டு நாம் இங்கே எதற்கு வந்தோம் என்று தோன்றியது.

உள்ளே மூன்று பேர். நடுவில் குழுத் தலைவர், சீருடையில். ஒரு பக்கம் ஒரு டாக்டர், மறுபக்கம் எழுதுகிறவர். நான் நுழைந்து, விறைப்பாக நின்று, சல்யூட் அடித்தேன். உட்காரச் சொன்னார். அதிகாரி முன்னால் எப்படி உட்காருவது? நின்றேன்.

"எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் ஐயா" என்றேன்.

"ஏதாவது குறை?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா."

டாக்டர் நாடி பார்த்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். எடை குறைந்ததா என்றார். கொஞ்சம் என்றேன். அவ்வளவுதான். வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். நல்ல மனிதர்கள், என்னை ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

(அண்ணி, இந்த வரி என்னுடையது. அவருக்குக் கண் எரிச்சல், எழுதியதைப் படித்துப் பார்ப்பதில்லை. அன்று காலை படபடப்புக்கான மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். நெஞ்சு படபடப்பது தெரிந்தால் படைக்கு அவமானமாம். முந்தின நாள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார், பழையது எல்லாம் தளர்ந்துவிட்டதால். ஷூவை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்தார். 'என்ன இவ்வளவு நேரம் எழுதற?' என்கிறார், நிறுத்துகிறேன்.)

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

நாங்கள் சுகம். சுகமாக இருந்த எனக்கு உன் கடிதத்தைப் படித்ததும் தலைவலி வந்துவிட்டது.

நீ மருத்துவக் குழுவுக்குப் போகவில்லையடா, அணிவகுப்புக்குப் போயிருக்கிறாய்.

விறைப்பாக நிற்பது எப்படி என்று மாமாவை நடுக்கூடத்தில் நிற்க வைத்துப் பார்த்தேன். விரலை மடக்கி, கட்டை விரலைக் கால்சட்டைத் தையலோடு ஒட்டி, கையைத் தொடையில் அழுத்தி நிற்க வேண்டும், இல்லையா? அப்படி அழுத்தினால் எந்தக் கை நடுங்கும்? டம்ளரைப் பிடித்தால் தளும்புகிற கை, அங்கே மட்டும் கல்லில் செதுக்கியது போல நின்றிருக்கும். நாடி வேகத்தை மாத்திரை அமுக்கிவிட்டது. சட்டை தொங்குவதை பெல்ட் மறைத்துவிட்டது. மீதி இருந்ததை உன் வாய் மறைத்துவிட்டது. அவர்கள் ஐந்து சதவீதமாவது போட்டார்களே, அதுவே தாராளம்.

போன வருஷம் ஒருவர் ஒரு வண்டி குழாய் கொண்டுவந்தார். எல்லாவற்றுக்கும் சாம்பல் பெயின்ட் அடித்து, இரும்பு விலைக்குக் கேட்டார். நான் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். செம்பு. நொடித்துப்போன தன் தொழிற்சாலையின் சரக்கு என்று தெரிந்தால் மானம் போகும் என்று பெயின்ட் அடித்திருக்கிறார். நான் சுரண்டிப் பார்க்கிற ஆள், அதனால் செம்பு விலை கொடுத்தேன். (கொஞ்சம் குறைத்துத்தான். நானும் பிழைக்க வேண்டாமா.) எல்லோரும் சுரண்டிப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதே.

மேல்முறையீடு போடு. அதற்குக் காலக்கெடு இருக்கும், விசாரி. ஐந்து சதவீதத்தை நீ கையை நீட்டிக் காட்டினால் ஏற்றிவிடலாம். எனக்குக் கவலை இன்னொன்று. பணியில் வந்தது அல்ல என்று எழுதியிருக்கிறார்களே, அது. நடுக்கம் எப்போது தொடங்கியது? படையில் இருக்கும்போதே இருந்ததா? யார் பார்த்தார்கள்? அதை எழுது.

அம்மாடி, அடைப்புக்குறிக்குள் எழுதுவதை நிறுத்திவிடாதே.

அக்கா

*

மார்ச் 6

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

முடிந்ததை விட்டுவிடு அக்கா. எப்போது தொடங்கியது என்று எனக்கு நினைவில்லை. யாரும் பார்க்கவில்லை. ஒரு அலுவலகத்தில் காவல் வேலை இருக்கிறதாம், கையால் செய்ய ஒன்றும் இல்லை, உட்கார்ந்தே இருக்கலாம் என்கிறார்கள். போய்ப் பார்க்கப் போகிறேன்.

மாமாவை நடுக்கூடத்தில் நிற்க வைத்ததற்கு அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

தம்பி

(இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் அண்ணி.)

*

ஏப்ரல் 2

தம்பிக்கு,

மாமா மன்னித்துவிட்டார். முதுகு நேரானது போல இருக்கிறது என்று அடிக்கடி நின்று பார்க்கிறார்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் மார்ச் முழுவதும் பொறுத்தேன். நீயாக எழுதுவாய் என்று பார்த்தேன். எழுதவில்லை. காவல் வேலையும் கிடைத்திருக்காது. கிடைத்திருந்தால் தபால் போட்டிருப்பாய்.

நினைவில்லை என்கிறாய். முதல் முதலாக நீ ஓட்டிய லாரியின் எண்ணை இன்றைக்கும் சொல்கிற ஆள் நீ. எந்த மேட்டில் எந்த கியரில் திணறியது என்பது வரை ஞாபகம் வைத்திருப்பவனுக்குத் தன் கை நடுங்கத் தொடங்கியது நினைவில்லையா? என்னிடம் தினமும் பத்துப் பேர் வந்து பொய் எடை சொல்கிறார்கள் தம்பி. பொய் சொல்கிறவன் விலையைக் கேட்பான், சொல்லப் பயப்படுகிறவன் பேச்சை மாற்றுவான். நீ பேச்சை மாற்றுகிறாய்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கெடு மே மாதம் முடிகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ அழுது கேட்டாலும் அந்தக் கதவு திறக்காது. பாப்பாவின் அப்பா இன்னும் எத்தனை வருஷம் மூச்சு வாங்காமல் படி ஏற வேண்டும் என்பதுதான் கணக்கு. உன் மானம், என் கோபம் எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும்.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

இதைச் சொல்லி எழுத வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. சொல்லும்போதுதான் இவளுக்கும் தெரிகிறது. அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கே போதும் என்று தோன்றியதால் படையிலிருந்து விலகினேன் என்று உங்களிடம் சொன்னேன். அப்படி இல்லை. கடைசி வருஷம் ஒரு பெரிய அதிகாரிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். குளிர் காலம். எல்லோரும் கோட்டுக்குள் சுருண்டிருக்க எனக்கு மட்டும் வியர்த்துக் கொட்டியது. ஸ்டியரிங் மேல் என் கை நடுங்குவதை அவர் கவனித்துவிட்டார். "காலையிலயே குடிச்சுட்டு வந்துட்டியா?" என்றார். நான் குடித்ததே இல்லை அக்கா. இன்றுவரை. ஆனால் அப்போது எனக்கு எதற்கெடுத்தாலும் தீப்பற்றிக்கொண்டது போலக் கோபம் வரும். வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, எத்தனையோ பேர் முன்னால், அவரைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது.

பதவிப் பட்டையைப் பிடுங்கிவிட்டார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று கிடங்கில் மூட்டை தூக்க அனுப்பினார்கள். தண்டனைக் காகிதத்தில், கை நடுக்கம், அளவுக்கு மீறிய வியர்வை, கட்டுக்கடங்காத கோபம், இதெல்லாம் குடியால் வந்தவை என்று எழுதியிருந்தது. ஒரு நகல் என்னிடம் இருக்கிறது. எந்த டாக்டரிடமும் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பேரோடு அங்கே இருக்க முடியாமல்தான் வந்துவிட்டேன்.

இப்போது மேல்முறையீடு போட்டால் என் பழைய கோப்பைக் கேட்பார்கள். குடிகாரன் என்ற வார்த்தை மறுபடியும் மேசைக்கு வரும். அதற்கு இந்த ஐந்து சதவீதமே போதும்.

தம்பி

(எனக்கு முன்பே தெரியும் அண்ணி. காகிதம் தெரியாது, பட்டை போனது தெரியும். பழைய சட்டையின் கையில் மூன்று கோடு மட்டும் வெளுக்காமல் பச்சையாக இருந்தது. துவைப்பது நான்தானே. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். சுவரைப் பார்க்க வேண்டாம், இந்தப் பக்கம் திரும்பலாம் என்று இப்போதுதான் சொன்னேன்.)

*

ஏப்ரல் 27

என் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது ஒரு லாரி எடைமேடையில் நின்றது. அதை அப்படியே நிற்க விட்டுவிட்டு உள்ளே போய்ப் படித்தேன். ஓட்டுநர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

முதலில், அந்த ஜீப்பில் நான் இருந்திருந்தால் அந்த அதிகாரி நடந்துதான் வீடு போயிருப்பார். அது இருக்கட்டும்.

இரண்டாவது, நீ எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதுதான் என் தொழில். அந்தக் காகிதத்தை நானும் புரட்டிப் பார்க்கிறேன். கை நடுக்கம். வியர்வை. கோபம். தேதி போட்டு, முத்திரை குத்தி, நீ படையில் இருந்தபோதே அவர்களே எழுதியிருக்கிறார்கள். உன் டாக்டர் சொல்லும் குறிகளும் இவைதானே? நோய் பணியில் இருக்கும்போதே வந்தது என்று நான் வேறு எந்தச் சாட்சியைத் தேடுவேன்? உன்னைத் திட்டி எழுதியவன் உனக்காகவே எழுதி வைத்திருக்கிறான். ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு. அந்த வார்த்தைக்குப் பயந்து மீதி எல்லாவற்றையும் பரணில் போட்டு வைத்திருக்கிறாய்.

கோப்பை அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதே. நகலை நீயே முதலில் மேசை மேல் வை. ஓட்டைப் பாத்திரத்தை வாங்குகிறவன் கண்டுபிடித்தால் நாம் திருடன். நாமே காட்டினால் அது வெறும் ஓட்டை.

நீ குடிக்காதவன் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். உன் படைப்பிரிவுச் சமையல்காரர், பெரிய கரண்டி என்று கூப்பிடுவீர்களே, அவரைத் தேடிப் பிடி.

இன்னொன்று. அன்று காலை மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால் நன்றாகத் தெரியுமே என்று உனக்குத் தோன்றும். செய்யாதே. உன் இதயத்தோடு விளையாட நான் சொல்லவில்லை. டாக்டர் சொன்ன அளவைச் சாப்பிடு, சாப்பிட்டும் என்ன ஆகிறது என்று சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உள்ளது போதும், உள்ளதே ஏகப்பட்டது.

அம்மாடி, உன்னை மெச்சுகிறேன். துவைக்கிற கைக்குத் தெரியாதது எது.

அக்கா

*

ஜூன் 15

அண்ணிக்கு,

முதல் முறையாக அடைப்புக்குறி இல்லாமல் நானே எழுதுகிறேன். அவர் வெளியே போயிருக்கிறார். மாமாவும் நீங்களும் சௌக்கியமா?

மேல்முறையீட்டைக் கெடுவுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். தண்டனைக் காகிதத்தின் நகலை அவரே மேலே வைத்துக் கட்டினார். ஜூலை முதல் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய கரண்டி அண்ணன் ஒரு தொழிற்சாலையில் கேன்டீன் நடத்துகிறார். தேடிப் போனதும் இவரைக் கட்டிப்பிடித்து, உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, அப்புறம்தான் என்ன விஷயம் என்றே கேட்டாராம். கட்டாயம் வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்போது வீட்டில் ஒரு ஒத்திகை நடக்கிறது, சிரிக்காமல் படியுங்கள். தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நல்லா இல்லைங்க ஐயா" என்று சொல்லிப் பார்க்கிறார். 'நல்லா' வரை வருகிறது. அப்புறம் 'இருக்கேன்' என்று தானாக ஓடிவிடுகிறது. படையில் இருந்த காலத்துப் பழக்கம். நேற்று பாப்பா அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். இவர் சட்டென்று எழுந்து விறைத்து நின்று "நல்லா இருக்கேன் ஐயா" என்றார். பாப்பா "உங்களுக்கு அஞ்சு சதவீதம், போலாம்" என்றாள். மூன்று பேரும் வெகு நேரம் சிரித்தோம். பிறகு அவர் மட்டும் சிரிக்கவில்லை. "சொல்ல முடியலைன்னா என்னடி பண்றது?" என்றார்.

இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள் என்றேன் அண்ணி. உள்ளே நானும் வர முடியாது, நீங்களும் வர முடியாது.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 4

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. ஆனால் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். கேள்.

இந்த முறை குழு வேறு. நடுவில் நரைத்த மீசைக்கார அதிகாரி, போன தடவை இருந்தவரைவிடப் பெரியவர். பக்கத்தில் சுரப்பி நோய்க்கென்றே படித்த டாக்டரம்மா. நுழைந்ததும் கால் தானாக ஒட்டிக்கொண்டது, சல்யூட் அடித்தேன். அதைத் தடுக்க முடியவில்லை. தலைவர் நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்றார்.

'நல்லா' என்று சொல்லிவிட்டேன் அக்கா. அதற்குமேல் இரண்டு பக்கமும் போகவில்லை. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். போன தடவை பெஞ்சில் பார்த்தவர்கள், அந்த அதிகாரி, ஜீப், எல்லாம் கண் முன்னால் வந்து போயிற்று. அப்புறம் சொன்னேன்.

"நல்லா இல்லைங்க ஐயா. ரொம்ப நாளா நல்லா இல்லை."

சொன்னதும் கை தொடையை விட்டுத் தானாக வந்துவிட்டது. உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். டாக்டரம்மா இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அந்தத் தாள் மின்விசிறிக்குக் கீழே வைத்தது போலப் படபடவென்று அடித்துக்கொண்டது. மின்விசிறி ஓடவில்லை. அறையில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டார். டாக்டர் சொன்ன அளவு சாப்பிட்டேன், சாப்பிட்டும் இப்படித்தான் என்றேன். நாடி, கண், கழுத்து, எடை, தூக்கம், எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளபடி சொன்னேன்.

தலைவர் தண்டனைக் காகிதத்தைக் கையில் எடுத்தார். "இதை நீங்களே கொண்டுவந்து குடுத்திருக்கீங்க. இது உங்களுக்கு எதிரான காகிதம், தெரியுமா?" என்றார்.

"தெரியுங்க ஐயா. அதுல ஒரு வார்த்தை தவிர எல்லாம் உண்மைங்க."

"எந்த வார்த்தை?"

"குடிங்க ஐயா."

பெரிய கரண்டியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இவர் குடிப்பாரா என்று கேட்டதற்கு, மோர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பான் என்றார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார்:

"ஐயா, என் சாப்பாட்டைச் சாப்பிட்டு இளைச்சவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான். ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான், வாரத்துக்கு வாரம் மெலிவான். பசங்க எல்லாம் என் சமையலைத்தான் குத்தம் சொன்னாங்க. அந்த மானக்கேட்டை நான் இன்னும் மறக்கலைங்க."

தலைவரின் மீசை ஆடியது. டாக்டரம்மா வாய்விட்டே சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அந்தக் காகிதத்தைத் தலைவரிடமிருந்து வாங்கி, இந்த மூன்று குறிகளையும்தான் நான் மாணவர்களுக்கு முதல் பாடமாக நடத்துகிறேன், இதை எழுதியவர் நோயின் பெயரை மட்டும் தப்பாகப் போட்டுவிட்டார் என்றார்.

அவர்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவர் முப்பது சதவீதம் என்றார். பணியில் தொடங்கியது என்றும் ஒப்புக்கொண்டார். பழைய தண்டனை வேறு பிரிவின் விவகாரம், அதைப் பற்றி இங்கே எதுவும் எழுத வேண்டாம், முடிந்தது முடிந்ததாக இருக்கட்டும் என்றார். எழுந்து சல்யூட் அடித்து வந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"சதவீதத்தை வேணும்னா குறைச்சுக்குங்க ஐயா. அது குடி இல்லைன்னு ஒரு வரி போடுங்க" என்றேன்.

டாக்டரம்மாதான் பேசினார். "இது சந்தை இல்லைங்க. நோய் எவ்வளவோ அவ்வளவுதான் போடுவோம். அதைக் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது." பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "ஆனா அந்த வரி மருத்துவக் கருத்துதான் ஐயா. அதை எழுத நமக்கு உரிமை இருக்கு" என்றார்.

தலைவர் எழுதுகிறவர் பக்கம் திரும்பி, "எழுதுங்க" என்றார்.

வெளியே வந்ததும் பெரிய கரண்டி என்னைத் தூக்கிச் சுற்றினார். என் எடைக்கு அவருக்குச் சிரமமே இல்லை. ஆணை தபாலில் வரும் என்றார்கள்.

தம்பி

(பாப்பா அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து முப்பது கொடுத்துவிட்டாள். இனி அவர் கண்ணுக்கும் இதயத்துக்கும் மருந்து கிடைக்கும் அண்ணி. எனக்கு எழுத வரவில்லை.)

*

ஜூலை 12

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் உரக்கப் படித்தேன். எடைமேடைக்காரர், கம்பி வெட்டுகிறவர்கள், சரக்கு விற்க வந்து கியூவில் நின்றவர்கள் எல்லோருக்கும். 'நல்லா இல்லைங்க ஐயா' வந்ததும் கைதட்டினார்கள். அன்று மதியம் வரை நான் யாரிடமும் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தேன். மாமா பயந்துபோய்க் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது திட்டு. 'குறைச்சுக்குங்க' என்ற வார்த்தையை நம் குடும்பத்தில் யாரும் இதுவரை உச்சரித்ததில்லை. அதுவும் எதிராளி விலையைச் சொல்லி முடித்த பிறகு. அந்த டாக்டரம்மா நல்லவராக இருந்ததால் பிழைத்தாய். நான் அங்கே இருந்திருந்தால் உன் காலை மிதித்திருப்பேன்.

மிதித்திருந்தால் அந்த வரி வந்திருக்காது. இரண்டு நாளாக அதையே யோசிக்கிறேன். எனக்குச் சதவீதம் மட்டும்தான் கண்ணில் பட்டது. நீ வாங்கப் போனது எது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் திட்டைப் பாதியோடு நிறுத்துகிறேன்.

ஆனால் ஒன்று, முத்திரை போட்ட தாள் கைக்கு வரும் வரை எவருக்கும் விருந்து வைக்காதே. வாயால் சொன்ன விலைக்கு நான் என்றைக்கும் சரக்கு இறக்கியதில்லை. வந்ததும் ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

தாள் வந்துவிட்டது. முத்திரையும் இருக்கிறது, மூன்று பேர் கையெழுத்தும் இருக்கிறது. தபால்காரர் கையெழுத்து கேட்டபோது கோடு கோணலாகப் போனது. உடம்பு சரியில்லையா என்றார். ஆமாம், தைராய்டு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இவள் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்றே படை மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்தோம். சுரப்பியை அடக்கும் கதிரியக்க மருந்தை அடுத்த மாதம் கொடுக்கிறார்களாம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற வேலைதான், ஆனால் சில நாள் பாப்பாவைத் தூரத்தில் வைக்க வேண்டும். அந்த நாட்களில் உன் வீட்டுக்கு அனுப்பட்டுமா? எடைமேடையில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று இப்போதே குதிக்கிறாள். பழைய ராணுவக்காரர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்து, உள்ளே என்ன பேசுவது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பெரிய கரண்டி எல்லோருக்கும் கேன்டீனில் சாப்பாடு போட்டார். நீ சொன்னபடி தாள் வந்த பிறகுதான்.

தாளில் இருப்பதை ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நோய் படைப் பணியின்போது தொடங்கியது. பணியின்போது குறிப்பிடப்பட்ட கை நடுக்கம், வியர்வை, கோபம் ஆகியவை இந்நோயின் குறிகள், மதுவால் ஏற்பட்டவை அல்ல. பதவிப் பட்டையைத் திரும்பப் பெற இக்கருத்தை இணைத்துத் தனி மனு அளிக்கலாம். ஊனம் முப்பது சதவீதம். ஓய்வூதியம் பணியிலிருந்து விலகிய நாள் முதல் கணக்கிடப்படும். சிகிச்சை முழுவதும் படை மருத்துவமனையில், செலவு படையைச் சேர்ந்தது. மறு பரிசோதனை இரண்டு ஆண்டு கழித்து.

தம்பி